கல் எடுத்து வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் போனால்: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. சிறுநீரகக் கல்லை எடுத்தாயிற்று, வலியும் போயிற்று, ஆனால் சிறுநீரில் ரத்தம் வருகிறது, என்ன செய்வது? இதில் பெரும்பாலானது தானாகவே நிற்கும் ரத்தம்தான், ஆனால் ஒரு சிலருக்கு வருவது உயிருக்கே ஆபத்தானது, இரண்டையும் வீட்டில் இருப்பவர்களே பிரித்துப் பார்க்க முடியும் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

குலசேகரம் வாசகி: டாக்டர் சார், என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். இடது கிட்னியில் இரண்டரை சென்டிமீட்டர் கல் என்று முதுகில் துளை போட்டு எடுத்தார்கள். முதல் இரண்டு நாள் டியூப்பில் சிவப்பாக வந்தது, பிறகு தெளிந்தது, டியூப்பை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் ஒரு நாள் காலையில் சிறுநீர் முழுக்க ரத்தமாகப் போனது. சூடு என்று நினைத்து இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் கொடுத்தோம், மத்தியானம் நின்றுவிட்டது. மறுநாள் ராத்திரி கட்டி கட்டியாக வந்து, தலைசுற்றிக் கீழே விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸில் கொண்டுபோய் ரத்தம் ஏற்றி, தொடை வழியாக ஆஞ்சியோ செய்து அடைத்தார்கள். இப்போது பரவாயில்லை. ஆபரேஷன் செய்தவர்தான் தப்பு செய்துவிட்டார் என்று என் கொழுந்தன் சொல்கிறான். உண்மையா? ஒரு வாரம் கழித்து ஏன் ரத்தம் வரவேண்டும்? அந்தக் கிட்னி இனி வேலை செய்யுமா?

அம்மா, அன்று ராத்திரி விடியட்டும் என்று காத்திராமல் கிளம்பினீர்களே, அதுதான் அவரைக் காப்பாற்றியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிறுநீரகத்துக்குள் ஓடும் ரத்தம் கொஞ்சநஞ்சமில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவுக்கு. உங்கள் வீட்டுக்காரருக்குச் செய்த ஆபரேஷனை பி.சி.என்.எல். என்று சொல்வோம். எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ பார்த்துக்கொண்டே முதுகு வழியாக ஊசியைச் செலுத்தி, அந்தப் பாதையை 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை அகலப்படுத்தி, அது வழியாக டெலஸ்கோப்பை விட்டு, கல்லை உடைத்து எடுப்பார்கள். பாதை சிறுநீரகத்தின் சதைக்குள்ளேதான் போகிறது. பெரிய ரத்தக்குழாய் குறைவாக இருக்கும் பக்கமாகப் பார்த்துத்தான் குத்துவோம், ஆனாலும் சின்னக் கிளைகள் எங்கே எப்படிப் போகின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் ஒன்றிரண்டு கிளை காயப்படுவது எப்பேர்ப்பட்ட கைக்கும் நடக்கக்கூடியது.

அன்றே வரும் ரத்தம் பெரும்பாலும் சிரைகளிலிருந்து வருவது. முதுகுத் துளையில் வைத்திருக்கும் டியூப்பைக் கொஞ்ச நேரம் அடைத்து வைத்தாலே உள்ளே ரத்தம் உறைந்து, அந்த அழுத்தத்தில் நின்றுவிடும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து வருவது வேறு வகை. தமனியின் சுவரில் ஒரு சின்னக் கிழிசல் விழுந்து, அதன்மேல் உறைந்த ரத்தம் மூடி, எல்லாம் சரியானது போல இருக்கும். சைக்கிள் டியூப்பில் பஞ்சர் ஒட்டிய இடம் இளகிப் புடைப்பது போல, அந்த இடம் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புடைத்து ரத்தம் நிறைந்த ஒரு பையாகிவிடும். சூடோ அனியூரிசம் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்களே, அது இதுதான். சிலருக்குக் காயப்பட்ட தமனியும் பக்கத்துச் சிரையும் ஒட்டிக்கொண்டு ஒரே வழியாகிவிடுவதும் உண்டு. அந்தப் பை ஒரு நாள் சிறுநீர் போகும் வழிக்குள் உடையும்போது ரத்தம் கொட்டும், கொட்டிய ரத்தமே உறைந்து வழியை அடைத்ததும் நிற்கும், அந்தக் கட்டி கரைந்ததும் மறுபடி கொட்டும். உங்கள் வீட்டில் மத்தியானம் ரத்தம் நின்றது இப்படித்தான், வாழைத்தண்டால் நின்றதில்லை. இந்த விட்டு விட்டு வரும் குணத்தால்தான் பல பேர் ஒரு நாள் முழுக்க வீட்டிலேயே இருந்து ஏமாந்துபோகிறார்கள். பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் வரும், அதைத் தாண்டி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

டாக்டர் தப்பு செய்தாரா என்றால், ஒரு கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. இப்படி ரத்தம் வந்ததை மட்டும் வைத்து அவரைக் குற்றவாளி ஆக்கவும் முடியாது, நன்றாகச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகும் இது வரும். கல் பெரிதாக இருப்பது, கிளை கிளையாக உள்ளே பரவியிருப்பது, ஒன்றுக்கு மேல் துளை போட வேண்டி வருவது, ஆபரேஷன் நேரம் நீள்வது, சர்க்கரை நோய் இருப்பது, இதெல்லாம் வாய்ப்பைக் கூட்டும். ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் கொழுந்தனின் கோபம் எனக்குப் புரிகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது, "மூன்று வாரத்துக்குள் திடீரென்று சிவப்பாகப் போனால், நின்றுவிட்டாலும் உடனே வாருங்கள்" என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் அது பெரிய குறை. டிஸ்சார்ஜ் சீட்டில் இங்கிலீஷில் நாலு வரி எழுதிக் கையில் கொடுத்தால் போதாது, நோயாளியையும் கூட இருப்பவரையும் உட்கார வைத்துத் தமிழில் சொல்ல வேண்டும், அவர்கள் திருப்பிச் சொல்வதையும் கேட்க வேண்டும். இதை என் துறைக்காரர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கிட்னி பற்றிப் பயப்படாதீர்கள். தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் சிறுநீரகம் வரை கொண்டுபோய், எந்தக் கிளை ஒழுகுகிறது என்று மருந்து விட்டுப் படம் பார்த்து, அந்தக் கிளைக்குள் மட்டும் சின்னக் கம்பிச் சுருளையோ பசை மருந்தையோ வைத்து அடைப்பார்கள். எம்போலைசேஷன் என்று பெயர். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, பெரும்பாலானவர்களுக்கு ஒரே முறையில் நின்றுவிடும். அந்தக் கிளையை நம்பியிருந்த சிறு பகுதி செயலிழக்கும், மீதிச் சிறுநீரகம் வழக்கம்போல வேலை செய்யும். ஒரு மாதம் கழித்து கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ஸ்கேனும் பார்த்துவிடுங்கள், ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பாருங்கள். ரப்பர் வெட்டுக்கு எப்போது போகலாம் என்பதை அடைத்த டாக்டரிடமே கேளுங்கள், குனிந்து நிமிரும் வேலை என்பதையும் பால் வாளி தூக்குவதையும் சொல்லிக் கேளுங்கள், வெறுமனே "வேலைக்குப் போகலாமா" என்றால் ஆபீஸ் வேலை என்று நினைத்துப் பதில் சொல்லிவிடுவார்.

மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரு மில்லி ரத்தம் கலந்தாலே நிறம் மாறிவிடும், அதனால் முதல் சில நாள் இளஞ்சிவப்பாகவோ தேயிலை நிறத்திலோ போவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், தண்ணீர் குடிக்கக் குடிக்கத் தெளிய வேண்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அதன் வழியே எதிர்ப்பக்கம் தெரியாத அளவுக்குச் சிவப்பாக இருந்தால், கட்டி கட்டியாக வந்தால், தெளிந்த சிறுநீர் திடீரென்று மறுபடி சிவந்தால், முதுகுத் துளையிலிருந்து ரத்தம் கசிந்து துணி நனைந்தால், எழுந்து நின்றால் கண் இருட்டினால், வியர்த்து நெஞ்சு படபடத்தால், சிறுநீரே வராமல் போனால், அந்த நேரமே கிளம்ப வேண்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், அது ரத்தத்தில் கிருமி பரவுவதன் அடையாளமாக இருக்கலாம், ரத்தப்போக்கைவிட அது வேகமாக ஆளைச் சாய்க்கும். பைக்கில் உட்காரவைத்து அழைத்துப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். மெடிக்கல் ஸ்டோரில் ரத்தம் நிற்க மாத்திரை கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அது தமனி ஒழுக்கை அடைக்காது, உள்ளே கட்டியைக் கெட்டியாக்கி சிறுநீர்ப் பாதையை அடைத்துவிடவும் கூடும், நாமாகப் போட வேண்டாம்.

இன்னொன்று, மேலே சொன்ன ஆஞ்சியோ வசதி எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும்போதே, "ரத்தம் நிற்காவிட்டால் இங்கேயே அடைப்பீர்களா, வேறெங்கே அனுப்புவீர்கள்" என்று கேட்டுவிடுங்கள். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு ராத்திரியில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போவதா திருவனந்தபுரம் போவதா என்று வாசலில் நின்று யோசிக்க நேரம் இருக்காது.

தக்கலை வாசகர்: எனக்கு யூரேட்டர் கல்லை லேசர் வைத்து உடைத்து, உள்ளே டி.ஜே. டியூப் வைத்திருக்கிறார்கள். பைக்கில் நாகர்கோவில் போய்வந்தால் அன்று சாயங்காலம் சிறுநீர் சிவக்கிறது. படுத்து எழுந்தால் சரியாகிவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். டி.ஜே. டியூப் என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் யூரேட்டர் குழாய்க்குள், சிறுநீர் தடையில்லாமல் இறங்குவதற்காக வைக்கும் மெல்லிய டியூப். அதன் இரண்டு நுனியும் சுருண்டிருக்கும், ஒன்று சிறுநீரகத்தில், இன்னொன்று சிறுநீர்ப்பையில். நடக்கும்போதும் வண்டியில் குலுங்கும்போதும் அது உரசுவதால் சிவக்கிறது. அடிக்கடி முட்டுவதும், சிறுநீர் போகும்போது இடுப்பில் பிடிப்பதும் அந்த டியூப்பால்தான். நிறையத் தண்ணீர் குடியுங்கள், முடிந்தால் பைக்கை விட்டு பஸ்ஸில் போங்கள். ஓய்வெடுத்தும் தெளியாவிட்டால், கட்டி வந்தால், காய்ச்சல் வந்தால் போய்க் காட்டுங்கள். டியூப்பை எடுக்கச் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள்.

நாகர்கோவில் வாசகி: அப்பாவுக்கு 67 வயது. எட்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். இப்போது கிட்னியில் ஒன்றரை சென்டிமீட்டர் கல். ரத்தம் நிற்காது என்பதால் பத்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தால் ஆபரேஷன் செய்யலாம் என்று உறவுக்காரர் ஒருவர் சொல்கிறார், நிறுத்தலாமா?

மக்களே, நீங்களாக நிறுத்தவே கூடாது. உறவுக்காரர் சொன்னதில் பாதி சரி, இந்த மாத்திரைகளோடு முதுகில் துளை போட்டால் ரத்தம் அதிகம் போகும். ஆனால் மாரடைப்புக்குப் பிறகு மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்கள் பொதுவாக ஒரு வருடம் வரை இரண்டு மாத்திரையும் சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம். கல்லைக் காத்திருக்க வைக்கலாம், இதயத்தை முடியாது.

காய்ச்சல் இல்லை, அடைப்பு இல்லை, கிரியேட்டினின் ஏறவில்லை என்றால் அந்த ஒரு வருடம் முடியும் வரை தள்ளிப்போடுவதுதான் நல்லது. பிறகு இதய டாக்டரும் சிறுநீரக டாக்டரும் பேசி முடிவெடுப்பார்கள். வழக்கமாக க்ளோபிடோக்ரெலை ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்தி, ஆஸ்பிரினைத் தொடரலாமா என்று ஆளைப் பார்த்துச் சொல்வார்கள். மாத்திரையை நிறுத்தவே முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. எங்கும் துளை போடாமல், சிறுநீர் வரும் வழியாகவே வளையும் டெலஸ்கோப்பை சிறுநீரகம் வரை கொண்டுபோய் லேசரால் கல்லைப் பொடியாக்கும் ஆர்.ஐ.ஆர்.எஸ். முறைதான் இவர்களுக்குப் பாதுகாப்பானது, ஒன்றரை சென்டிமீட்டருக்கு அது பொருந்தும். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல் உடைப்பதை மட்டும் இந்த மாத்திரைகளோடு செய்ய மாட்டோம், சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டிவிடும்.

நடுவில் குளிர்க்காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம், மாத்திரை சாப்பிடுகிறார் என்பதால் தயங்கவும் வேண்டாம், ஒரு டி.ஜே. டியூப் வைத்து அடைப்பை நீக்கிவிட்டு கல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்பா சாப்பிடும் எல்லா மருந்தையும் எழுதிக் கொண்டுபோங்கள். சித்த மருந்து, வைத்தியசாலைக் கஷாயம், மூட்டு வலிக்கு என்று போடும் மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அந்த வலி மாத்திரைகளில் பலவும் ரத்தம் உறைவதைத் தடுக்கும், சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

மார்த்தாண்டம் வாசகர்: எனக்குக் கல் 2.2 சென்டிமீட்டர். ஒரு டாக்டர் முதுகில் துளை போடணும் என்கிறார், இன்னொருவர் துளையில்லாமல் செய்யலாம் என்கிறார். ரத்தம் குறைவாகப் போவது எதில்? ரத்தம் ஏற்பாடு செய்துகொண்டு வரச் சொன்னது பயமாக இருக்கிறது.

ரத்தம் மட்டும்தான் கணக்கு என்றால் துளையில்லாத முறையில் குறைவு. ஆனால் 2 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதில் ஒரே தடவையில் எல்லாக் கல்லும் போகாமல் மறுபடி மயக்க மருந்து, மறுபடி டியூப், மறுபடி செலவு என்று ஆகலாம், ஆபரேஷன் நேரம் நீண்டால் கிருமித் தொற்றும் வரலாம். அதிலும் ரத்தப்போக்கே இராது என்று எண்ண வேண்டாம், அபூர்வமாகச் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டும், அப்போது சிறுநீர் தெளிவாகவே போகும், விலாவில் வலி மட்டும் கூடிக்கொண்டே போகும். முதுகுத் துளை முறையில் கல் ஒரே தடவையில் போக வாய்ப்பு அதிகம். பாதையை 5, 6 மில்லிமீட்டரோடு நிறுத்தும் மினி முறையும் இப்போது பரவலாகச் செய்யப்படுகிறது, அதில் ரத்தம் குறைவு, நேரம் கொஞ்சம் கூடும்.

எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால், பல நாடுகளில் 96 மருத்துவமனைகளில் பி.சி.என்.எல். செய்துகொண்ட 5,803 பேரின் கணக்கு 2011-ல் வெளிவந்தது. அதில் குறிப்பிடும்படியான ரத்தப்போக்கு 7.8 சதவீதம் பேருக்கு, ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது 5.7 சதவீதம் பேருக்கு. நூறில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு யூனிட்கூடத் தேவைப்படவில்லை. ரத்தம் தயாராக வைக்கச் சொல்லும் டாக்டர் கவனமானவர், அவர்மேல் நம்பிக்கை வைக்கலாம். உங்கள் கல்லுக்கு நான் மினி முறையைத்தான் முதலில் யோசிப்பேன், ஆனால் சி.டி. ஸ்கேன் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன், கல் இருக்கும் இடமும் அதன் கடினமும் முக்கியம். இரண்டு டாக்டரிடமும் இந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள்: ஒரே தடவையில் முடியுமா, நீங்கள் வழக்கமாக எந்த முறையில் செய்கிறீர்கள்?

தூத்தூர் வாசகர்: முதுகு வழியாகக் கல் எடுத்து இன்றோடு பன்னிரண்டு நாள். டி.ஜே. டியூப் உள்ளே இருக்கிறது. அடுத்த வாரம் எங்கள் விசைப்படகு ஆழ்கடலுக்குப் புறப்படுகிறது. போகாவிட்டால் இந்தத் தடவைப் பங்கு போய்விடும். ரத்தம் எதுவும் வரவில்லை, போகலாமா?

அண்ணே, போகாதீர்கள். வீட்டில் அந்தப் பணத்தை எதிர்பார்த்து இருப்பார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். குலசேகரம் அம்மாவுக்கு எழுதியதைப் படித்திருப்பீர்கள், அந்தத் தாமத ரத்தப்போக்கு வரக்கூடிய நாட்களுக்குள்தான் நீங்கள் இருக்கிறீர்கள். கரையில் என்றால் ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஒரு மருத்துவமனை கிடைக்கும். வாரக்கணக்கில் தங்கும் படகில், கரை சேரவே நாள் கணக்கில் ஆகும் இடத்தில் அது வந்தால், கூட இருப்பவர்கள் எவ்வளவு பாசமாக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. வலை இழுப்பதும் ஐஸ் பெட்டி தூக்குவதும் வயிற்றுக்குள் அழுத்தத்தை ஏற்றும் வேலைகள். குறைந்தது ஒரு மாதம் முடியட்டும், ஸ்கேனும் ஹீமோகுளோபினும் பார்க்கட்டும், டியூப் வெளியே வரட்டும், அப்புறம் போங்கள்.

டியூப்பைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், கடலுக்குப் போகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வதை வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். வலி இல்லை, வேலை இருக்கிறது என்று ஒரு தடவை தள்ளிப்போட்டால், அடுத்த தடவையும் தள்ளிப்போகும். மூன்று மாதத்தைத் தாண்டினால் டியூப்பின்மேலேயே கல் படிய ஆரம்பிக்கும், பிறகு அதை எடுக்கவே பெரிய ஆபரேஷன் வேண்டிவரும், சிலருக்கு அந்தச் சிறுநீரகமே போய்விடும். தேதியை மனைவியின் போனிலும் படகு உரிமையாளரின் போனிலும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். திரும்பக் கடலுக்குப் போகும்போது குடிதண்ணீரில் சிக்கனம் வேண்டாம். வெயிலில் வியர்த்து, சிறுநீர் மஞ்சளாகச் சுண்டிப்போவதே உங்களுக்குக் கல் வர ஒரு காரணமாக இருந்திருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும்.

இரணியல் வாசகி: மாமனாருக்குக் கல் எடுத்து மூன்றாம் நாள் ரத்தக் கட்டி வந்தது, அதன்பிறகு சிறுநீரே வராமல் அடிவயிறு உப்பிவிட்டது. தண்ணீர் நிறையக் கொடுத்தோம், இன்னும் மோசமானது. பிறகு மருத்துவமனையில் டியூப் போட்டுச் சரிசெய்தார்கள். நாங்கள் செய்தது தவறா?

தெரியாமல் செய்ததுதானே, மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். கட்டி வந்து சிறுநீர்ப்பையின் வாயை அடைத்துவிட்டது, ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள வயதான ஆண்களுக்கு இது சுலபமாக நடக்கும். அடைத்த பிறகு தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் பை இன்னும் நிரம்பும், வலி கூடும். அந்த நேரம் தண்ணீரை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று வழி கொண்ட கதீட்டர் போட்டு, கட்டியைக் கழுவி எடுத்து, சிறுநீர்ப்பைக்குள் தொடர்ந்து சலைன் ஓடவிடுவார்கள். சிறுநீர் போகும்போது முக்கக் கூடாது, மலச்சிக்கலும் ஆகக் கூடாது. வாழைத்தண்டு, சிறுபீளை எல்லாம் முழுதாக ஆறும் வரை கொடுக்க வேண்டாம்.

கருங்கல் வாசகர்: தங்கச்சிக்குக் கல் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது காசநோய்க்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறோம். சிறுநீர் ஆரஞ்சும் சிவப்புமாகப் போகிறது, ஆபரேஷன் ரத்தம்தானோ?

ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் அது. வியர்வையும் கண்ணீரும்கூட அந்த நிறத்தில் வரும். இதற்காகக் காசநோய் மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். சந்தேகம் தீர ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை போதும், சிவப்பணு இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். கட்டி வந்தாலோ இடுப்பில் வலி வந்தாலோ மாத்திரை நிறம் என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.